மூட்டை படுத்துப் பார்த்த சுவர்

என் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூட்டை, அவ்வளவுதான். நீங்கள் பார்த்திருந்தால் உங்கள் வாயிலும் அதுதான் வந்திருக்கும். தொண்ணூற்று நாலு கிலோ. கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. ஸ்கூட்டரில் அவர் உட்கார்ந்த பிறகு எனக்கு மிஞ்சுவது ஒரு சாண் இடம், அதிலும் பாதி டிரில் பைக்குப் போய்விடும். மூட்டை என்றால் அவர் கோபித்துக்கொள்ளவும் மாட்டார். அந்த எடையை வைத்துத்தான் தொழிலே நடந்தது.

சுவரில் துளை போடுவதுதான் தொழில். திரைச்சீலைக் கம்பி, டிவி மாட்டும் சட்டம், குளியலறைக் கண்ணாடி எல்லாம் போடுவார். ஆனால் நாலைந்து வருடமாக அவரைத் தேடி வந்தவர்களில் பாதிப்பேர் தொங்கலுக்குத்தான் வந்தார்கள். இந்தச் சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குத் துணியைக் கட்டி, அதில் ஆள் படுத்துக்கொள்வது. கடையில் ஹேமக் என்று விற்கிறார்கள், எங்கள் வீட்டில் அதற்குத் தொங்கல் என்று பெயர். இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டுகிறவன் எதையும் யோசிக்க வேண்டாம். வீட்டுக்குள் கட்டுவதென்றால் சுவரைத் தெரிந்திருக்க வேண்டும். பூச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எந்தச் சுவரும் வாய் திறந்து சொல்லாது.

அவர் தட்டிக் கேட்பார். சுத்தியலின் மரப்பிடியால் மெல்லத் தட்டிவிட்டு, காதைச் சுவரோடு ஒட்டிவைத்து, கண்ணை மூடிக்கொள்வார். "என்ன டாக்டர், நாடி ஓடுதா?" என்று நான் வம்பிழுப்பேன். பிறகு துளை போடும்போது கீழே கொட்டுகிற தூளைப் பார்ப்பார். வெள்ளைத் தூள் வெறும் பூச்சு. சிவப்பு வந்தால் செங்கல். சாம்பல் நிறம் வந்தால் கான்கிரீட், அப்போதுதான் அவர் முகம் தெளியும். டிரில் திடீரென்று முன்னால் குதித்தால் உள்ளே பொந்து, அந்த இடம் ஆகாது. கயிற்றை விறைப்பாகக் கட்டவும் விடமாட்டார். "நல்லாத் தொய்வா இருக்கணும். இழுத்துக் கட்டினா ஒரு ஆள் எடை மூணு ஆள் இழுவையா சுவருக்குப் போகும்" என்பார். ஆள் படுத்தால் முதுகுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருக்கலாம். அழகுக்காக இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள் என்று யாராவது கேட்டால், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இதற்கெல்லாம் காரணம் அவருடைய இடது புருவத்தில் தழும்பாக இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் கொக்கி சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து, படுத்திருந்த இவர் முகத்திலேயே அடித்தது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அன்றைக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். எந்தத் தொங்கலிலும் முதலில் ஏறுவது அவர்தான். அரை மணி நேரம் படுப்பார், புரளுவார், உட்கார்ந்து எழுவார், மறுபடி படுப்பார். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டு ஆட்கள். "மூட்டைக்குத் தாங்கினா ஊருக்கே தாங்கும்" என்று அவரே சொல்லிக்கொள்வார். ஜனங்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். வேலை முடிந்ததா என்று கேட்க மாட்டார்கள், மூட்டை படுத்துப் பார்த்தாச்சா என்றுதான் கேட்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பயம் என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. "இந்தச் சுவர்ல ஒரு சந்தேகம்" என்பார். அதோடு சரி. பயப்படுவதெல்லாம் எங்கள் வீட்டில் என் இலாகா. இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், அவர் போன் எடுக்கப் பத்து நிமிடம் தாமதமானால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பேன்.

அப்படிப்பட்ட நான் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்குப் பயப்படவில்லை, கேளுங்கள்.

போன வருடக் கடைசியில் அவர் இளைக்க ஆரம்பித்தார். நான் சந்தோஷப்பட்டேன். எத்தனை வருடமாக உடம்பைக் குறையுங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருப்பேன். "என்னங்க, ரெண்டாங் கல்யாணத்துக்கு ரெடி ஆகுறீங்களா?" என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார். தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தார், வெயில் என்றார். மத்தியானம் வந்து கட்டையாகப் படுத்தார், வேலை அதிகம் என்றார். ஒருநாள் பேண்ட்டைத் துவைக்கப் போடும்போது பெல்ட் கையில் வந்தது. கடைக்காரன் போட்ட துளைகளைத் தாண்டி உள்பக்கமாக ஐந்து புதுத் துளைகள். டிரில்லால் போட்டிருக்கிறார், ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக இருந்தது. சுவரைத் துளைக்கிற ஆள், எனக்குத் தெரியாமல் ஒவ்வொன்றாக பெல்ட்டைத் துளைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

மறுநாள் காலை அவரை ஒரு கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு நர்ஸ் அவரை எடை மெஷினில் ஏறச் சொன்னாள். அறுபத்தேழு. "மெஷின் சரியா இருக்காம்மா?" என்று கேட்டார். இறங்கிவிட்டு மறுபடி ஏறினார். அறுபத்தேழுதான். டாக்டர் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எப்போதிலிருந்து என்று கேட்டார். ரத்தம் எடுத்தார்கள். நாளைக் காலையில் ரிசல்ட், அதற்கு முன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார். பெரிதாக ஒன்றும் இருக்காதே என்று கேட்டேன். டாக்டர் பேனாவை மூடிக்கொண்டே, பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாம் எனக்குப் பிடிக்கவில்லை.

வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றவர் சாவியைப் போடவே இல்லை. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. தன் உடம்பை நினைத்துத்தான் என்று எண்ணி, ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

"உன் தங்கச்சி வீட்டுல தொங்கல் போட்டேனே, அப்போ நான் எத்தனை கிலோ இருந்திருப்பேன்?"

"இப்போ எதுக்கு அது?"

"சொல்லு. ரெண்டு மாசம் முன்னாடி. எழுபது இருந்திருப்பேனா?"

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவர் ரத்தம் எடுத்த இடத்தைப் பஞ்சோடு அழுத்திக்கொண்டே சொன்னார்: "எழுபது கிலோவை வெச்சுப் பார்த்துட்டு, ஊருக்கே தாங்கும்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

என் தங்கைக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. மூன்று மாதக் குழந்தை, பெண். தொட்டிலில் போட்டால் கத்தும், தாய் மேல் படுத்து ஆடினால்தான் தூங்கும். அதற்காகவே அந்தத் தொங்கல். பகலில் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு அவள் படுப்பாள். சாயங்காலம் அச்சகத்திலிருந்து வந்து அவள் வீட்டுக்காரர் படுப்பார். அவர் என் வீட்டுக்காரருக்குச் சகலை. சகலைகள் இரண்டு பேரும் ஒரே அச்சு என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம். அந்தச் சகலை இன்றைக்கும் தொண்ணூற்றுச் சொச்சம் கிலோ.

"ஆனா நீங்க சுவரைத் தட்டிப் பார்த்தீங்களே" என்றேன்.

"ஒரு பக்கம் ஜன்னல் தூண், அது யானையையே தாங்கும். இன்னொரு பக்கம்தான். பாதி வரைக்கும் சிவப்புத் தூள் வந்தது, கடைசில டிரில் ஒரு குதி குதிச்சது. உள்ளே பொந்துக் கல்லு. சந்தேகமாத்தான் இருந்தது. சரி, படுத்துப் பார்த்துடலாம்னு படுத்தேன். அசையல."

அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். பக்கத்து மூலையில் கான்கிரீட் தூண் இருக்கிறது, அதில் போடலாம், ஆனால் பீரோவை நகர்த்த வேண்டும் என்று அவர் சொன்னார். பச்சை உடம்புக்காரி, பீரோவைக் காலி பண்ண ஒரு நாள் ஆகும், இங்கேயே போட்டுத் தொலையுங்கள் என்று அவசரப்படுத்தியது யார்? நான்தான். என் வாய்தான்.

தங்கைக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். குழந்தை தூங்கும்போது அவள் போனை ஊமையாக்கி வைத்துவிடுவாள், அது எனக்குத் தெரியும். மணி பதினொன்றரை. குழந்தை தூங்குகிற நேரம். அவள் அதில் படுத்திருக்கிற நேரம். சகலைக்குப் போட்டேன், அச்சு மெஷின் சத்தத்தில் அவர் எங்கே எடுக்கப்போகிறார்.

ஸ்கூட்டர் கிளம்பியது. பின்னால் எனக்குத் தாராளமாக இடம் இருந்தது. மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போய்ப் பழகிய கை, இப்போது சட்டைத் துணிக்குள் விலா எலும்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் நான் போனை அமுக்கினேன். ஒருமுறையும் அவள் எடுக்கவில்லை. ஒரு முழ உயரம்தானே, விழுந்தால் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடனே அவருடைய புருவம் ஞாபகம் வந்தது. இரும்புக் கொக்கி. மூன்று மாத மண்டை. அதற்கு மேல் நினைக்காதே என்று நினைத்தால் அதுதான் நினைப்பில் வருகிறது.

தங்கை வீடு மூன்றாவது மாடி. அவர் எனக்கு முன்னால் ஏறினார், பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார், மறுபடி ஏறினார். நான் ஓடிப்போய் அழைப்பு மணியில் விரலை வைக்கப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அத்தனை வருடத்தில் அவர் என்னை அவ்வளவு அழுத்திப் பிடித்ததில்லை.

"அடிக்காதே. பதறி எழுந்திருப்பா. அந்த ஒரு உதறல் போதும்."

மாற்றுச் சாவி என் கொத்தில் இருந்தது, பிரசவத்துக்கு அவள் போயிருந்தபோது செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கொடுத்தது. கொத்தை நீட்டினேன். அவர் வாங்கித் திறந்தார்.

அவள் படுத்திருந்தாள். முன்னறையில், குறுக்கே தொங்குகிற துணிக்குள், வாய் லேசாகத் திறந்து, அடித்துப்போட்ட மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தாள். மார்பின் மேல் குழந்தை. ஒரு கால் வெளியே தொங்கி, கட்டை விரல் தரையைத் தொட்டுத் தொட்டு, தூக்கத்திலேயே ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சுவரிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. பல் கடிக்கிற மாதிரி.

நான் கொக்கியைப் பார்த்தேன். அதைச் சுற்றிப் பூச்சு உப்பி, உள்ளங்கை அகலத்துக்கு விரிசல் விட்டிருந்தது. சுவரோடு பதிந்து இருக்க வேண்டிய இரும்பு, ஒரு நகக்கண் அளவுக்கு வெளியே வந்திருந்தது. கீழே சுவரோரம் கொஞ்சம் சிவப்புத் தூள். விரிசலைச் சுற்றி வெள்ளையாக வட்டம் போட்டு ஏதோ கிறுக்கியிருந்தது. என்ன என்று உற்றுப் பார்த்தேன். எறும்பு மருந்து. சாக்பீஸ் மாதிரி விற்பார்களே, அது. எறும்புதான் சுவரைத் தோண்டி மண்ணைத் தள்ளுகிறது என்று நினைத்து, என் தங்கை கோடு போட்டு வைத்திருக்கிறாள். தினமும் காலையில் அந்தத் தூளைப் பெருக்கி அள்ளிவிட்டு, அதன் அடியிலேயே வந்து படுத்திருக்கிறாள்.

அவர் செருப்பைக் கழற்றினார். என்னைப் பார்த்துக் குழந்தையைக் காட்டினார். பிறகு தரையில் படுத்து, முழங்கையால் ஊர்ந்து, அந்தத் துணிக்கு அடியில் போனார். ஒரு முழ இடைவெளி. பழைய உடம்பாக இருந்தால் அந்த இடுக்கில் அவர் நுழைந்திருக்கவே முடியாது. உள்ளே போய்க் கை கால்களை ஊன்றி, முதுகை மெல்ல உயர்த்தி, துணியைத் தொட்டும் தொடாமலும் நின்றுகொண்டார். விழுந்தால் அவர் மேல் விழட்டும் என்று.

நான் குழந்தையின் அடியில் கையை நுழைத்தேன். என் மூச்சை நானே பிடித்துக்கொண்டேன். குழந்தை முனகியது, உதட்டைச் சப்பியது, அடங்கியது. தூக்கினேன். மூன்று அடி பின்னால் போய் நின்றேன். சுவர் இன்னொரு தரம் பல்லைக் கடித்தது.

"ஏய்" என்றேன், காதோரமாகக் குனிந்து. "அக்கா வந்திருக்கேன். கண்ணை மட்டும் திற. அசையாதே."

தங்கை கண்ணைத் திறந்தாள். மார்பைத் தடவினாள். குழந்தையைக் காணாமல் அவள் முகம் மாறியது, பாருங்கள், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"பாப்பா என்கிட்ட இருக்கா. நீ எழுந்திருக்காதே. தொங்குற காலை அப்படியே ஊன்று. இன்னொரு காலையும் மெதுவா இறக்கு. அடியில உங்க அத்தான் இருக்காரு, அவர் முதுகைப் பிடிச்சுக்கோ."

"அத்தான் ஏன்க்கா அடியில..."

"அப்புறம் கேளு."

அவள் வழுக்கி இறங்கினாள். முழு எடையும் ஒரு கணம் அவர் முதுகில் விழுந்தது, அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறகு அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் குழந்தையை அவள் மடியில் போட்டுவிட்டு, அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது.

அவர் ஊர்ந்து வெளியே வந்து எழுந்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, கயிற்றை ஒரு கையால் பிடித்து இழுத்தார். பெரிய பலம் ஒன்றும் இல்லை, காய்கறிப் பையைத் தூக்குகிற பலம்தான். கொக்கி, போல்ட்டு, அரைச் செங்கல் எல்லாம் சேர்ந்து அவர் கையோடு வந்துவிட்டது. சுவரில் முஷ்டி நுழைகிற அளவு ஓட்டை. உள்ளே வெறும் இருட்டு.

தங்கை அதையும் பார்த்தாள், எறும்பு மருந்துக் கோட்டையும் பார்த்தாள். குழந்தையை இறுக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவள் அழுகிறாளே என்று குழந்தையும் கத்தியது.

"உன் தப்பு இல்லம்மா" என்றார் அவர். கொக்கியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். "காது வேண்டாம்னு சொல்லுச்சு. உடம்பு தாங்குதுன்னு சொல்லுச்சு. எந்த உடம்புன்னு நான் யோசிக்கல. பெல்ட்டுல ஓட்டை போட்டப்பவும் யோசிக்கல. யோசிச்சா ஆஸ்பத்திரிக்குப் போகணுமேன்னு யோசிக்கல."

அப்புறம் அவர் உட்காரவில்லை. நானும் தங்கையும் எவ்வளவோ சொன்னோம், இன்றைக்கு வேண்டாம், முதலில் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள் என்று. தொங்கலைச் சரியாகப் போடாமல் இந்த வீட்டை விட்டு இறங்க மாட்டேன் என்றார். பீரோவைக் காலி பண்ணினோம். பச்சை உடம்புக்கு ஒரு நாள் ஆகும் என்று நான் சொன்ன வேலை, முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. ஸ்கூட்டரில் எப்போதும் கிடக்கிற டிரில் பையை நான் போய் எடுத்து வந்தேன். மூலைத் தூணில் துளை போட்டார். சாம்பல் நிறத் தூள் கொட்டியது. குனிந்து கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்தார், என்னிடமும் காட்டினார். புது போல்ட்டை இறக்கி முறுக்கினார். கயிற்றைத் தொய்வாகக் கட்டினார்.

கட்டிவிட்டு, எப்போதும்போல் படுக்கப் போனவர் நின்றுவிட்டார். தொங்கலைப் பார்த்தார், தன்னைப் பார்த்துக்கொண்டார். அவர் அப்படி நின்றதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"உன் எடை எவ்வளவு?" என்று கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து நான் யாருக்கும் சொல்லாத ரகசியம். "எழுபத்தி நாலு" என்றேன்.

"நீயும் வா."

தங்கை முன்னால் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏறினேன். முதலில் அவர், பிறகு நான். துணி எங்களை நடுவில் உருட்டி, ஒருவர் மேல் ஒருவராகத் தள்ளியது. தூண் மூச்சு காட்டவில்லை. தங்கை குழந்தையோடு சமையலறைக்குப் போய்விட்டாள். கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டோம், அரை மணி.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். நான் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அவர் தோள் எலும்பு என் கன்னத்தில் குத்தியது. இடுப்பில் பெல்ட்டின் நீண்ட முனை மடிந்து கிடந்தது. இருபத்தி இரண்டு வருடம் இவர் பக்கத்தில் படுத்தால் கட்டில் அவர் பக்கமாகச் சரியும், நான் உருண்டுபோய் அவர் மேல் விழுவேன். அன்றைக்கு அவர்தான் உருண்டு என் பக்கம் வந்து கிடந்தார். இத்தனை மாதம் ஒரே கட்டிலில் படுத்திருந்தேனே, எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

"தூண் நல்லா இருக்கு" என்றார்.

"ம்."

"இன்னும் நாலு வீட்டுல போட்டிருக்கேன், இந்த எட்டு மாசத்துல. நாளைக்குப் போய் எல்லாத்தையும் கழட்டணும். ரெண்டு வீடு ரிசல்ட் வாங்குறதுக்கு முன்னாடி, ரெண்டு வீடு அப்புறம்."

"சரி. நானும் வரேன்."

"எதுக்கு?"

"எடைக்கு" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

சமையலறையில் குழந்தை அழுது ஓய்ந்தது. கடிகாரத்தில் இன்னும் எட்டு நிமிடம் பாக்கி இருந்தது. அவர் கை தேடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது, பஞ்சு ஒட்டியிருந்த கை.

"ரிசல்ட்டை நினைச்சா எனக்குப் பயமா இருக்குடி" என்றார்.

நான் அவர் கையை விடாமல், அந்த எட்டு நிமிடமும் அசையாமல் படுத்திருந்தேன்.